கைபேசியில் பதிவான செய்திக் காட்சிக்கு உரிய விலை பெறுவது எப்படி

ஒரு பாலம் இடிந்து விழுவதையோ வெள்ளத்தில் சிக்கியவர் மீட்கப்படுவதையோ தற்செயலாகக் கைபேசியில் பதிவுசெய்தவருக்கு அதனால் வருமானம் வருமா என்பது, காட்சி எவ்வளவு அரியது என்பதைக் காட்டிலும், அடுத்த சில மணி நேரத்தில் அவர் யாருக்கு என்ன சம்மதம் எழுதிக்கொடுக்கிறார் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. செய்தி நிறுவனங்கள் அந்தக் கோப்புக்காகவே காசு கொடுக்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். கோப்பு எப்படியும் பரவிவிடும். அதை ஒளிபரப்பினால் பின்னால் வழக்கு வராது என்ற உறுதியும், காட்சி உண்மையில் அந்த இடத்தில் அந்த நேரத்தில் எடுக்கப்பட்டதுதான் என்ற உறுதியும்தான் அவர்களுக்கு வேண்டும். அந்த இரண்டையும் தரக்கூடியவர் காட்சியைப் பதிவுசெய்தவர் ஒருவரே. ஆகவே இந்தத் தொழிலில் விலைபோவது அவருடைய அனுமதி என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

பதிப்புரிமை பெற விண்ணப்பமோ கட்டணமோ தேவையில்லை. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இப்போது 180-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதன்படி ஒரு படைப்பு பதிவான கணத்திலேயே அதன் உரிமை படைத்தவருக்கு வந்துவிடுகிறது. பொதுவாக உரிமை, படம்பிடித்தவருக்கே உண்டு. கைபேசியை இரவல் கொடுத்தவருக்கோ, காட்சியில் தோன்றுபவருக்கோ அது போவதில்லை. ஆனால் வேலை நேரத்தில், வேலையின் ஒரு பகுதியாக எடுத்த காட்சி முதலாளிக்கு உரியதாகலாம். கடையின் கண்காணிப்புக் கேமரா திரையைக் கைபேசியால் படம்பிடித்துவிட்டு அதைத் தம்முடையது என்று விற்க முயல்பவர்கள் உண்டு. அந்தக் காட்சியின் உரிமை கேமராவின் உடைமையாளரிடம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் வந்து சேர்ந்த காணொளியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அதை விற்பவர், யாரோ ஒருவருக்குப் பின்னாளில் நஷ்ட ஈடு கொடுக்கத் தயாராகிறார் என்றே பொருள்.

எது விலைபோகும்

நிகழ்வு நடந்துகொண்டிருக்கும் கணம் விலைபோகும். நடந்து முடிந்தபின் கூடிநிற்கும் கூட்டமும் நொறுங்கிய வாகனமும் பெரும்பாலும் விலைபோவதில்லை, ஏனெனில் அவற்றை எடுக்கச் செய்தியாளரே சிறிது நேரத்தில் வந்துவிடுவார். அடுத்ததாகப் பார்க்கப்படுவது, அதே காட்சி வேறு எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் விண்கல் வெடித்தபோது, கார்களின் முகப்புக் கேமராக்களிலும் கைபேசிகளிலும் அது ஏராளமாகப் பதிவாயிற்று. அத்தகைய நிகழ்வில் வானத்து ஒளிக்கோட்டை மட்டும் வைத்திருப்பவருக்குப் பேரம் பேச இடமில்லை. கண்ணாடிச் சன்னல்கள் உடைந்து சிதறும் கணத்தை ஓர் அறைக்குள்ளிருந்து பதிவுசெய்தவருக்கு இடமுண்டு.

மூன்றாவது நேரம். வன்செய்தியின், அதாவது விபத்து, வெள்ளம் போன்ற உடனடி நிகழ்வுச் செய்தியின் விலை மணிக்கு மணி இறங்குகிறது. மாலைச் செய்திக்கு உதவிய காட்சி மறுநாள் காலையில் பாதி மதிப்பைக்கூடப் பெறாமல் போகலாம். விலங்குகளின் சேட்டை, வியப்பான தற்செயல்கள், குழந்தைகளின் பேச்சு போன்றவை வேறொரு சந்தையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு முதல் நாள் விலை குறைவு, ஆனால் தொகுப்பு நிகழ்ச்சிகளும் விளம்பரங்களும் அவற்றை ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கும். எந்தச் சந்தைக்கு உரியது என்று தெரிந்துகொள்ளாமல் கொடுக்கப்படும் காட்சி பெரும்பாலும் தவறான விலைக்குத்தான் போகிறது.

பதிவு செய்யும்போது

உயிருக்கு ஆபத்தான தூரத்தில் நின்று எடுக்கக் கூடாது, மீட்புப் பணியாளரின் வழியை மறிக்கக் கூடாது, உதவி கேட்பவருக்குக் கை கொடுக்க முடிந்தால் கைபேசியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பவற்றை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

தொலைக்காட்சிக்குக் கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து எடுத்த படமே ஏற்றது. செங்குத்தாக எடுத்ததையும் இப்போது வாங்குகிறார்கள், ஆனால் இருபுறமும் மங்கலான பட்டைகளை வைத்து ஒளிபரப்ப வேண்டியிருப்பதால் ஒன்றுக்கொன்று சமமான இரு காட்சிகளில் கிடைமட்டமானதைத்தான் தேர்வார்கள். ஒரு காட்சியைக் குறைந்தது பத்து நொடியாவது அசையாமல் பிடித்திருப்பது, விரலால் பெரிதாக்குவதற்குப் பதில் பாதுகாப்பான அளவில் ஓரடி முன்னால் செல்வது, லென்ஸை ஒருமுறை துடைத்துக்கொள்வது ஆகிய மூன்றையும் செய்தாலே சாதாரணக் கைபேசியில் எடுத்ததும் ஒளிபரப்புத் தரத்துக்கு வந்துவிடும். உரத்த குரலில் வருணனை செய்யாமல் இருப்பது முக்கியம். இடத்தின் இயல்பான ஒலிக்கு ஆசிரியர்கள் தருகிற மதிப்பு, பக்கத்தில் நிற்பவர் கத்துவதற்கு இல்லை.

பலர் செய்யத் தவறும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நிகழ்வு ஓய்ந்ததும் பதிவை நிறுத்தாமல், அருகிலுள்ள தெருப் பலகை, கட்டடத்தின் பெயர், சந்திப்பின் அமைப்பு ஆகியவற்றை ஒரே தொடர்ச்சியாக ஒருமுறை சுற்றிக் காட்டிவிடுங்கள். ஒளிபரப்பில் அந்தப் பகுதி வராது, ஆனால் காட்சியைச் சரிபார்ப்பவருக்கு அதைவிட உதவியானது வேறில்லை.

மூலக் கோப்பைக் காப்பது

எடுத்த காணொளியைக் கைபேசியிலேயே வெட்டுவது, இசை சேர்ப்பது, எழுத்துப் பதிப்பது எதையும் மூலக் கோப்பின் மேல் செய்யக் கூடாது. மூலக் கோப்பில் எடுத்த தேதி, நேரம், கருவியின் வகை, இருப்பிட வசதி இயங்கியிருந்தால் அந்த இடத்தின் ஆயத்தொலைவுகள் ஆகியவை பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது, இந்தத் தகவல்களும் உதிர்ந்துவிடுகின்றன. ஆகவே மூலத்தை உடனே மேகச் சேமிப்பிலோ கணினியிலோ படியெடுத்து வைத்துவிட்டு, வாங்க விரும்புபவருக்கு முதலில் தரம் குறைத்த, பெயர் பொறித்த மாதிரியை மட்டும் அனுப்ப வேண்டும். மூலம் கைமாறுவது கட்டணமும் நிபந்தனையும் எழுத்தில் உறுதியான பிறகுதான்.

செய்தி நிறுவனத்தில் சரிபார்ப்பவர் கேட்கும் கேள்விகள் சில சமயம் விசாரணை போலத் தோன்றும். எங்கே நின்றீர்கள், எந்தத் திசையைப் பார்த்தீர்கள், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் உண்டா, கைபேசியின் காட்சியகத்தில் அந்தக் கோப்பின் விவரப் பக்கத்தைக் காட்ட முடியுமா என்றெல்லாம் கேட்பார்கள். செயற்கைக்கோள் படத்தில் கட்டடங்களையும், நிழலின் நீளத்தில் நேரத்தையும், அன்றைய வானிலைப் பதிவில் மேகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். செயற்கை நுண்ணறிவால் நிகழாததையும் நிகழ்ந்ததுபோல் காட்ட முடிகிற இந்நாளில் அவர்களைக் குறைசொல்ல முடியாது. இதில் மனம் சுளிக்காமல் விரைந்து பதில் சொல்பவரின் காட்சியே முதலில் வாங்கப்படுகிறது. அடுத்த முறை அவருடைய பெயர் அங்கே நினைவிலும் இருக்கும்.

பதிவேற்றுவதா, பொறுப்பதா

பணம் பெரும்பாலும் கைநழுவுவது இந்த இடத்தில்தான். காணொளியைச் சமூக ஊடகத்தில் ஏற்றியதும், அது பரவத் தொடங்கினால், சில நிமிடங்களில் செய்தியாளர்களின் பின்னூட்டங்கள் வரிசைகட்டும்: "இதை எடுத்தது நீங்களா? உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எங்கள் எல்லாத் தளங்களிலும் பயன்படுத்தலாமா?" மரியாதையான அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று ஒற்றைச் சொல்லில் பதிலெழுதினால், எல்லாத் தளங்களிலும், காலவரையின்றி, கூட்டு நிறுவனங்கள் உட்பட, கட்டணமில்லாமல் பயன்படுத்த அனுமதித்ததாகவே அது கொள்ளப்படும். பல நிறுவனங்கள் அந்தக் கேள்வியோடு நீண்ட நிபந்தனைப் பக்கத்துக்கான இணைப்பையும் சேர்த்தே அனுப்புகின்றன. ஒரு நிறுவனத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டால், தனி உரிமை, அதாவது வேறு யாருக்கும் தராமல் தமக்கு மட்டுமான உரிமை கேட்டு வரும் அடுத்த நிறுவனத்திடம் விற்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

அந்த நேரத்தில் அனுப்ப ஒரு பதிலை முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம்: "இது நான் எடுத்த காணொளி. இதைப் பயன்படுத்த இதுவரை யாருக்கும் அனுமதி தரவில்லை. எந்த ஊடகத்தில், எந்த நாடுகளில், எவ்வளவு காலத்துக்கு, என்ன கட்டணத்தில் பயன்படுத்த விரும்புகிறீர்கள் என்பதை மின்னஞ்சலில் தெரிவியுங்கள்." இதற்கு மேல் பொதுவெளியில் ஒரு சொல்லும் எழுத வேண்டாம்.

தளத்தில் ஏற்றியதாலேயே உரிமை போய்விடும் என்ற அச்சம் தவறானது. தளத்துக்கு ஓர் உரிமம் தரப்படுகிறது என்பது உண்மைதான், ஆனால் அது மற்றவர்கள் எடுத்து விற்பதற்கான உரிமம் ஆகாது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது புகைப்படச் செய்தியாளர் டேனியல் மோரெல் ட்விட்டரோடு இணைந்த படத் தளம் ஒன்றில் தம் படங்களை ஏற்றினார்; வேறொருவர் அவற்றைத் தம்முடையவை போல் மறுபதிவு செய்தார்; அங்கிருந்து எடுத்து ஏஎஃப்பி என்ற பிரெஞ்சுச் செய்தி முகமை வெளியிட்டது, கெட்டி இமேஜஸ் என்ற பட நிறுவனம் விநியோகித்தது. ட்விட்டரின் விதிகள் அவ்வாறு எடுக்க உரிமை தரவில்லை என்று நியூயார்க் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜூரிகள் அவருக்கு 12 லட்சம் டாலர் வழங்கச் சொன்னார்கள். இந்த வழக்கை நம்பிக்கையாகக் கொள்ளலாம், ஆனால் வழிமுறையாகக் கொள்ளக் கூடாது. மோரெல் தொழில்முறைக் கலைஞர், கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் வழக்காடினார். எல்லோருக்கும் அது இயலாது.

பணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பொறுப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. 2015 ஜனவரியில் பாரிஸில் சார்லி ஹெப்டோ என்ற வார இதழின் அலுவலகத் தாக்குதலின்போது காவலர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தம் வீட்டிலிருந்து பதிவுசெய்தவர், பதற்றத்தில் அதை ஃபேஸ்புக்கில் ஏற்றிவிட்டுக் கால் மணி நேரத்தில் நீக்கினார். அதற்குள் அது படியெடுக்கப்பட்டுத் தொலைக்காட்சிகளில் ஓடத் தொடங்கியிருந்தது. இறந்தவரின் குடும்பம் அதைப் பார்க்க நேர்ந்ததற்காக அவர் பின்னர் வருந்தினார். ஏற்றிய ஒன்றை நீக்குவது வேறு, திரும்பப் பெறுவது வேறு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முற்றிலும் மறைத்து வைத்திருக்கும் காணொளியை யாரும் தேடி வர முடியாது. பெரிய செய்தியாக இருந்தால், முதலில் இரண்டு மூன்று நிறுவனங்களின் செய்தி மேசைகளை, அதாவது செய்திகளைத் தேர்ந்தெடுக்கும் பிரிவுகளைத் தொலைபேசியில் அழைத்துவிட்டு, பதில் வரத் தாமதமானால் காட்சியின் ஒரு சிறு துண்டை மட்டும், பெயர் பொறித்து, தொடர்பு மின்னஞ்சலுடன் ஏற்றுவதே என் பார்வையில் சரியான நடுவழி. பெயரை மூலையில் பொறித்தால் வெட்டிவிடுவார்கள். மங்கலாக நடுவில் பொறிப்பது அழகில்லை என்றாலும் பயனுள்ளது.

யாரிடம் விற்பது

நேரடியாகத் தொலைக்காட்சி நிறுவனத்திடம் கொடுக்கலாம். ஆனால் "உங்கள் காணொளியை அனுப்புங்கள்" என்று அழைக்கும் பதிவேற்றப் பக்கங்களில் பெரும்பாலானவை கட்டணமற்ற அனுமதியைக் கேட்பவை. அங்கே அனுப்பாமல், செய்திப் பிரிவின் படம் வாங்கும் மேசையோடு பேச வேண்டும். ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி போன்ற செய்தி முகமைகள் தங்களுக்காக மட்டும் வாங்குவதில்லை. தங்கள் சந்தாதாரர்களான நூற்றுக்கணக்கான ஊடகங்களுக்கும் சேர்த்தே கேட்பார்கள். ஆகவே அவர்களுக்குக் கொடுக்கும் அனுமதியின் விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, காணொளி உரிம முகமைகள். 2010-இல் டப்ளினில் தொடங்கி 2013-இல் நியூஸ் கார்ப் வாங்கிய ஸ்டோரிஃபுல், லண்டனைச் சேர்ந்த நியூஸ்ஃப்ளேர், அமெரிக்காவின் வைரல்ஹாக் போன்றவை இவ்வகையின. அவர்கள் உங்கள் சார்பில் பல இடங்களுக்கு விற்றுப் பங்கு தருவார்கள், அல்லது ஒரே தொகையில் முழுவதையும் வாங்கிக்கொள்வார்கள். முகமையின் பெயரைச் சொல்லிக்கொண்டு மோசடி செய்பவர்களும் உண்டு என்பதால், செய்தி அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியை நிறுவனத்தின் இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம். விற்பவரிடமே முன்பணம் கேட்பவர் யாராயினும் அவரோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

விலையை முதலில் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. எங்கே, எவ்வளவு காலம், யாருக்கெல்லாம் மறுவிற்பனை என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் தொகையை இன்னொருவர் சொல்வதோடு ஒப்பிடுவதே போதுமான பேரம். தனி உரிமை கேட்டால் பலமடங்கு கேளுங்கள், ஏனெனில் அதன் பிறகு மற்ற எல்லா வாசலும் அடைபடுகிறது.

ஒப்பந்தத்தைப் படிப்பது

உரிமத்துக்கும் உரிமை மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடே முதலில் பார்க்க வேண்டியது. உரிமம் என்றால் பதிப்புரிமை உங்களிடம் இருக்க, அவர்கள் சொன்ன அளவில் பயன்படுத்துகிறார்கள். உரிமை மாற்றம் என்றால் காணொளி இனி அவர்களுடையது. 1963-இல் டல்லஸ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதை வீட்டுப் படக்கருவியில் பதிவுசெய்த ஆபிரகாம் சப்ருடர் அதன் உரிமைகளை லைஃப் இதழுக்கு 1,50,000 டாலருக்கு விற்றார். 1975-இல் இதழின் நிறுவனம் அவற்றை ஒரே ஒரு டாலருக்குக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது. 1999-இல் அமெரிக்க அரசு, மூலப் படச்சுருளை எடுத்துக்கொண்டதற்காக 1.6 கோடி டாலர் ஈடு தர நேர்ந்தபோதும் பதிப்புரிமை குடும்பத்திடமே தனியாக இருந்தது. படச்சுருள் ஒரு சொத்து, உரிமை வேறொரு சொத்து. இதற்கு எதிர்ப்புறத்தில், 1991-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவர் காவலர்களால் தாக்கப்பட்டதைத் தம் வீட்டு மாடத்திலிருந்து பதிவுசெய்த ஜார்ஜ் ஹாலிடே, உலகமே பார்த்த அந்தக் காட்சியை உள்ளூர்த் தொலைக்காட்சிக்குக் கொடுத்துப் பெற்றது 500 டாலர்.

"நிரந்தரமாக", "உலகம் முழுவதும்", "இப்போதுள்ள, இனி உருவாகும் எல்லா ஊடகங்களிலும்" என்ற சொற்கள் சேர்ந்து வந்தால், பெயர் உரிமம் என்றிருந்தாலும் அது ஏறத்தாழ விற்பனைதான். தனி உரிமைக்குக் காலவரம்பு கேட்பது நியாயமே. செய்திக் காட்சியாயின் சில நாள்களோ வாரங்களோ போதும் என்று வாங்குபவர்களே ஒப்புக்கொள்வதுண்டு.

பங்கு விகிதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாதிக்குப் பாதி என்பது மொத்த வரவில் பாதியா, செலவு போக எஞ்சியதில் பாதியா என்று கேளுங்கள். வாங்கியவர் 1,000 கொடுத்து, இடையிலுள்ள விநியோகஸ்தர் 400 எடுத்துக்கொண்டால், முதல் கணக்கில் உங்களுக்கு 500, இரண்டாவதில் 300. விற்பனை விவரம் எப்போது தரப்படும், குறைந்தபட்சம் எவ்வளவு சேர்ந்தால் பணம் வரும், எந்த நாட்டு வரி பிடிக்கப்படும் என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும். யூடியூப்பின் உரிமை கண்டறியும் அமைப்பில் முகமை உங்கள் காணொளியைச் சேர்த்தால், உங்கள் சொந்த அலைவரிசையில் உள்ள அதே காணொளியின் வருமானமும் அவர்களுக்குப் போகக்கூடும். உங்கள் கணக்குக்கு விலக்கு உண்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

காட்சியால் எழும் எந்த வழக்கின் செலவையும் விற்பவரே ஏற்க வேண்டும் என்ற விதி பல ஒப்பந்தங்களில் சத்தமில்லாமல் இருக்கும். நானே எடுத்தேன், வேறு யாருக்கும் தனி உரிமை தரவில்லை என்பதற்கு மட்டும் உறுதி தரலாம். காட்சியில் தெரியும் அந்நியர்களின் சம்மதத்துக்கும், பின்னணியில் ஒலித்த பாடலின் உரிமைக்கும் சாதாரண மனிதர் எப்படி உறுதி கொடுக்க முடியும்?

அனுமதியின்றி எடுத்துவிட்டால்

முதலில் சான்று: இணைப்பு, திரைப்பிடிப்பு, ஒளிபரப்பான நேரம். பிறகு சினமில்லாத ஒரு மின்னஞ்சலில் வழக்கமான கட்டணத்துக்கான விலைப்பட்டியலை அனுப்பினால், கணிசமான நிறுவனங்கள் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளும். இணையதளங்களில் உள்ளதை நீக்க, அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டித் தளங்கள் வைத்திருக்கும் நீக்கல் படிவம் பயன்படும். நடப்புச் செய்தியைத் தெரிவிப்பதற்காகச் சிறிதளவு எடுத்தாளும் விலக்கு பல நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது. அதன் எல்லைகள் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அந்த விலக்கிலிருந்து புகைப்படங்களை நீக்கி வைத்திருக்கிறது, ஆனால் காணொளியை நீக்கவில்லை. எனவே எல்லாப் பயன்பாடும் திருட்டு என்று எடுத்த எடுப்பில் குற்றம்சாட்டுவது பேச்சைக் கெடுக்கும்.

விற்கக் கூடாதவை

காவல் விசாரணைக்கு உதவும் காட்சியாக இருந்தால், அதன் படியை முதலில் அதிகாரிகளிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்துச் சான்று வாங்கி, மூலத்தைக் காத்து வைப்பதே முறை. நீங்களே சாட்சியாகக் கூடிய வழக்கில் காட்சிக்குப் பணம் வாங்கியது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியாக வரலாம் என்பதால், சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டபின் முடிவெடுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரையோ குழந்தையையோ அடையாளம் காட்டும் காட்சியை வெளியிடுவது பல நாடுகளில் குற்றம். முகத்தை மறைக்க வேண்டியது நிறுவனம்தானே என்று மூலத்தை அப்படியே கொடுத்துவிடக் கூடாது. இறந்தவரின் உடல் தெளிவாகத் தெரியும் பகுதியை மதிப்புள்ள எந்தச் செய்தி மேசையும் ஒளிபரப்பப்போவதில்லை, அதற்கு விலை பேசுபவர்கள் வேறு வகையினர். செய்திக்காகவே செயற்கையாக நிகழ்த்தி எடுப்பவர்கள் ஒருமுறை பிடிபட்டாலும் எல்லா முகமைகளின் கதவும் மூடிவிடும்.

விற்ற பிறகு மூலக் கோப்பையும், ஒப்பந்தத்தையும், யார் எப்போது எவ்வளவு கொடுத்தார் என்ற குறிப்பையும் ஒரே உறையில் வைத்திருங்கள். வரிக் கணக்குக்கும் அதுவே ஆதாரம். ஆவணப்படம் எடுப்பவர்கள் பெரிய நிகழ்வுகளின் ஆண்டு நிறைவை ஒட்டித்தான் காட்சிகளைத் தேடி வருவார்கள், அப்போது கேட்கப்படும் கட்டணம் முதல் நாள் கிடைத்ததைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. தனி உரிமைக் காலம் முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்து, அன்றே முகமைக்கு எழுதி, உரிமை திரும்பியதற்கான ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.